ஆசிரியர் இல்லாமல் சீனம் தொடங்குபவருக்கு: எந்த நூலை எடுப்பது, எந்தச் செயலியை விடுவது

சீனம் கற்க வேண்டும் என்று நினைத்துத் தேட ஆரம்பித்தால் பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. நூல்கள், செயலிகள், காணொளிகள், ஒலிப்பாடங்கள் என்று கொட்டிக் கிடக்கின்றன. ஒரே மாலையில் போனில் ஐந்து செயலிகள் ஏறிவிடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்திலும் 'வணக்கம், என் பெயர் இது' என்ற முதல் பாடம் மட்டும் முடிந்திருக்கும். கை ஆறாவதைத் தேடிக்கொண்டிருக்கும்.

தமிழ் பேசும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கைக்குக் கிடைக்கும் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவருக்கு எது கடினமோ அதைப் பக்கம் பக்கமாக விளக்குவார்கள். அவருக்கு எளிதாக வருவதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நம் நாக்குக்கும் காதுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. சில இடங்களில் நமக்கு வேலை பாதிதான். சில இடங்களில் நூல் சொல்லாததையும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். நூல்களையும் செயலிகளையும் எந்த வரிசையில், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதோடு, அவற்றில் நாம் எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் எந்தச் சீனம் என்று முடிவு செய்யுங்கள்

அட்டையில் 'சீனம்' என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது மாண்டரினா காண்டனீஸா என்று பாருங்கள். மாண்டரினுக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும்: சீனாவில் புதோங்ஹுவா, தைவானில் குவோயூ, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹுவாயூ. மூன்றும் ஒரே மொழிதான், உச்சரிப்பிலும் சொற்களிலும் சிறு வேறுபாடுகள் இருக்கும். காண்டனீஸ் ஹாங்காங்கிலும் குவாங்தோங் பகுதியிலும் பேசப்படுவது. அதன் தொனிகளே (சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களே) வேறு; மாண்டரின் நூலை வைத்து அதைக் கற்க முடியாது. ஹாங்காங்கில் வேலை, குடும்பம் என்ற காரணம் இல்லாவிட்டால் மாண்டரினையே எடுங்கள். இனி நான் சீனம் என்று சொல்வதெல்லாம் மாண்டரினைத்தான்.

அடுத்தது எழுத்து. சீனா 1956-ல் எழுத்துகளை எளிமைப்படுத்தும் திட்டத்தை வெளியிட்டது. இன்று சீனாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எளிய வடிவமே புழங்குகிறது. தைவான், ஹாங்காங், மக்காவ் ஆகியவை மரபு வடிவத்தில் எழுதுகின்றன. நீங்கள் யாரோடு பேசப்போகிறீர்கள், எதைப் படிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றை எடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். ஒன்று நன்றாக வந்தபிறகு மற்றதைப் படித்துப் புரிந்துகொள்வது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை.

நூலை வாங்கும் முன் அது எந்த வட்டாரத்தை ஒட்டியது என்றும் பார்த்துவிடுங்கள். தூதோவ் என்று சீனாவில் கேட்டால் உருளைக்கிழங்கு கிடைக்கும். தைவானில் அதே சொல் வேர்க்கடலையைக் குறிக்கும். தைவான் நூல்கள் சில, ரோமன் எழுத்தில் ஒலியைக் காட்டும் பின்யினுக்குப் பதிலாக ஜூயின் என்ற தனிக் குறியீட்டு முறையில் உச்சரிப்பைத் தரும். அது நல்ல முறைதான், ஆனால் அகராதி, தட்டச்சு, மற்ற நூல்கள் எல்லாம் பின்யினை ஒட்டியே இருப்பதால் தனியாகக் கற்பவருக்குப் பின்யின் உள்ள நூலே வசதி.

ஒலிக்கான பொருள்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால்

முதல் இரண்டு மூன்று வாரங்களை உச்சரிப்புக்கு மட்டும் ஒதுக்குங்கள். பாடநூலையே பிறகு திறக்கலாம். தவறான ஒலியோடு இருநூறு சொற்களைப் பழகிவிட்டால் பிறகு இருநூறையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும். தனியாகப் படிப்பவருக்குத் திருத்திச் சொல்ல ஆளும் இல்லை.

பின்யின் என்பது சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. சீன அரசு 1958-ல் இதை ஏற்றுக்கொண்டது, 1982-ல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பும் ஏற்றது. எழுத்துகள் பார்க்க ஆங்கிலம் மாதிரி இருந்தாலும் மதிப்பு வேறு. உங்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒலியோடு கூடிய ஒரு பின்யின் அட்டவணை. சீனத்தில் தொனியைச் சேர்க்காமல் எண்ணினால் சுமார் 400 அசைகள்தான் உள்ளன. அத்தனையையும் கட்டத்தில் போட்டு, தொட்டால் நான்கு தொனியிலும் ஒலிக்கும் அட்டவணைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினிக் குரல் இல்லாமல் மனிதர் குரலில் பதிவான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ் எழுத்தில் சீன உச்சரிப்பைப் போட்ட கையேடுகள் கிடைத்தால் தள்ளி வைத்துவிடுங்கள். இங்கே நானும் சீனச் சொற்களைத் தமிழில்தான் எழுதுகிறேன், ஆனால் அது சுட்டிக்காட்டுவதற்கு மட்டும். அதைப் பார்த்து உச்சரிக்க முடியாது. 'மா' என்று எழுதினால் அது அம்மாவா, சணலா, குதிரையா, திட்டுவதா என்று தெரியாது. தொனி மட்டும் பிரச்சினை என்றால் மேலே ஒரு கோடு போட்டுச் சமாளிக்கலாம். மெய்யெழுத்தும் பிரச்சினை. 'பா' என்று தமிழில் எழுதக்கூடிய இரண்டு சொற்கள், இரண்டும் இறங்கு தொனியில், சீனத்தில் உண்டு. ஒன்று அப்பா. மற்றது பயப்படுவது.

இந்த இடத்தில்தான் ஆங்கில வழி விளக்கம் நம்மைத் தவறாக இழுத்துச் செல்லும். 'பஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் பின்யினில் பார்த்தால் நாம் தொண்டை அதிர உச்சரிப்போம். சீனத்தில் அப்படி இல்லை. அது நம் 'பல்' என்ற சொல்லில் வரும் பகரம்தான்: அதிர்வும் இல்லை, காற்றும் இல்லை. 'பேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து வந்தால் அதே பகரத்தோடு பலமாக ஒரு மூச்சுக்காற்று வெளிவர வேண்டும். அப்பாவுக்கு முதல் வகை, பயத்துக்கு இரண்டாம் வகை. தகரத்திலும் ககரத்திலும் இதே இணை உண்டு. வயிற்றுக்கும் முயலுக்கும் சீனத்தில் தொனி ஒன்றுதான், இரண்டுமே நம் காதுக்கு 'தூ' மாதிரி கேட்கும். காற்று வந்தால் முயல், வராவிட்டால் வயிறு. மருத்துவரிடம் போய் முயல் வலிக்கிறது என்று சொல்லாமல் இருக்க வேண்டுமானால் இந்த இணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒலிக்கும் பயிற்சி உங்கள் பொருளில் இருக்க வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். முயலுக்குக் காகிதம் துள்ள வேண்டும், வயிற்றுக்கு அசையக் கூடாது. காற்றில்லாத வரிசை நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. உழைப்பெல்லாம் காற்றுள்ள வரிசைக்குத்தான்.

நமக்கு லாபமான இடமும் உண்டு. பின்யினில் ஆர் எழுத்தால் தொடங்கும் அசைகளை ஆங்கில நூல்கள் சுற்றி வளைத்து விளக்கும். ழகரத்தைச் சரியாகச் சொல்பவருக்கு அது அநேகமாக ஏற்கெனவே வந்துவிட்டது. நாக்கை அதே மாதிரி மேலே வளைத்துச் சொல்லும் இன்னும் மூன்று ஒலிகள் உள்ளன, நம் ஷகரம் அவற்றில் ஒன்றுக்கு நெருக்கம். ஆனால் இவற்றையும், நாக்கைத் தட்டையாக வைத்துச் சொல்லும் இன்னொரு வரிசையையும், பல்லோரம் பிறக்கும் மூன்றாவது வரிசையையும் சேர்த்து எல்லாவற்றையும் சகரமாக்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மூன்று வரிசைகளையும் ஒப்பிட்டுக் கேட்கவைக்கும் பாடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சொல்லின் முடிவு. சீனத்தில் சொற்கள் ன் என்றும் முடியும், ங் என்றும் முடியும். தமிழில் ங் என்று முடியும் சொல் கிடையாது, அதனால் காது அதைக் கவனிப்பதே இல்லை. 'ச்சுவான்' என்று னகரத்தில் முடித்தால் கப்பல். ஙகரத்தில் முடித்தால் கட்டில். தொனி ஒன்றேதான். ஆங்கிலம் பேசுபவருக்கு இந்த வேறுபாடு பழக்கமானது என்பதால் பல நூல்கள் இதைத் தொடுவதே இல்லை. அட்டவணையில் இந்த இரண்டு பத்திகளையும் மாற்றி மாற்றிக் கேட்டு நீங்களே பயிற்சி அமைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இல்லாத உயிர் ஒன்றும் இருக்கிறது. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்தால் அது வரும். பின்யினில் இதை யூ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்துக் காட்டுவார்கள். ஆனால் ஜே, க்யூ, எக்ஸ், ஒய் ஆகிய எழுத்துகளுக்குப் பின்னால் வரும்போது புள்ளிகளைப் போடாமலே விட்டுவிடுவார்கள். ஒலி மட்டும் அதேதான். இந்த விதியைத் தெளிவாகச் சொல்லாத உச்சரிப்புப் பாடத்தை நம்ப வேண்டாம்.

தொனிக்கு வருவோம். நான்கு தொனிகளும், அழுத்தமில்லாத ஒரு மென்தொனியும் உண்டு. முதலாவது தம்புரா சுருதி போல உயரத்தில் நிலையாக நிற்கும். இரண்டாவது ஏறும். நான்காவது வேகமாக இறங்கும். மூன்றாவதைத்தான் பொருளின் தரத்தைப் பார்க்க நான் பயன்படுத்துவேன். பல நூல்கள் அதை இறங்கி ஏறும் வளைவாக வரைந்துவிட்டு நிறுத்திவிடும். தனியாகச் சொல்லும்போது அது அப்படித்தான். பேச்சின் நடுவே பெரும்பாலும் அது தாழ்ந்து நிற்பதோடு சரி, ஏறுவதில்லை. மூன்றாம் தொனி அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் அவற்றில் முதலாவது இரண்டாம் தொனியாக மாறிவிடும். 'நீ ஹாவ்' என்ற வணக்கச் சொல்லே இதற்கு உதாரணம்: எழுத்தில் இரண்டுமே மூன்றாம் தொனி, வாயில் முதலாவது ஏற வேண்டும். 'இல்லை' என்ற பொருள் தரும் 'பு' நான்காம் தொனிதான், ஆனால் இன்னொரு நான்காம் தொனிக்கு முன்னால் அது இரண்டாம் தொனியாகும். இந்த மூன்று செய்திகளும் நூலின் முதல் சில பாடங்களுக்குள் வந்துவிடுகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உச்சரிப்புக்கு அந்த நூல் போதாது.

ஒற்றை அசைகளை மட்டும் பயிற்சி செய்யவைப்பவற்றோடும் நின்றுவிடாதீர்கள். சீனச் சொற்களில் பெரும்பகுதி இரண்டு அசை கொண்டவை. நான்கு தொனிகளில் ஒன்று முன்னே, மென்தொனியோடு சேர்த்து ஐந்தில் ஒன்று பின்னே என்று 20 இணைகள் உண்டாகும். இந்த இணைகளைச் சொற்களாக வைத்துப் பயிற்சி தரும் ஒலிப்பதிவு கிடைத்தால் அதை விடாதீர்கள். தமிழில் கேள்வி கேட்கும்போது கடைசியில் குரலை உயர்த்துவோம், வியப்பு, சலிப்பு எல்லாவற்றையும் குரல் ஏற்ற இறக்கத்திலேயே காட்டுவோம். சீனத்தில் அந்தக் கடைசிச் சொல்லுக்கென்று ஒரு தொனி இருக்கும், நாம் நம் பழக்கத்தில் அதை அழித்துவிடுவோம். அதனால் முழு வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பயிற்சியும் வேண்டும்.

முதன்மை நூல்: ஒன்றே ஒன்று

ஒலி ஓரளவு படிந்ததும் ஒரு பாடநூலை எடுங்கள். ஒன்றே ஒன்றை. சொற்கள், இலக்கணம், உரையாடல், பயிற்சி எல்லாம் ஒரு வரிசையில் வருவதுதான் நூலின் பலன். இரண்டு நூல்களைச் சேர்த்து நடத்தினால் அந்த வரிசை கெட்டுவிடும்.

தனியாகப் படிப்பவருக்கு நூலில் கட்டாயம் இருக்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனி ஒலிப்பதிவு; ஆண், பெண் இரு குரலும், இயல்பான வேகமும் அதில் இருந்தால் நல்லது. பயிற்சிகளுக்கு விடை, வகுப்பறை நூல்கள் பலவற்றில் விடைகள் ஆசிரியருக்கான தனி நூலில் இருக்கும், அது உங்களுக்கு ஒத்துவராது. அப்புறம், எழுத்தும் பின்யினும் அமைந்திருக்கும் விதம். எழுத்துக்கு நேர் மேலே எல்லாப் பக்கத்திலும் பின்யின் அச்சிட்டிருந்தால் கண் பின்யினையே படிக்கும், எழுத்து பதியாது. உரையாடல் எழுத்தில் ஒரு பக்கமும் பின்யினில் இன்னொரு பக்கமும் இருந்தால் மூடிக்கொண்டு படிக்கலாம். கடையிலோ இணைய மாதிரிப் பக்கத்திலோ பார்க்கும்போது முதல் பாடத்தைப் பார்க்காதீர்கள், எல்லா நூலிலும் அது அழகாகத்தான் இருக்கும். ஐந்தாம் ஆறாம் பாடத்தைத் திறந்து பாருங்கள்.

எச்எஸ்கே என்பது சீன அரசு சார்பில் நடக்கும் மொழித் தேர்வு. பல நூல்கள் இந்தத் தேர்வின் நிலைகளை ஒட்டி எழுதப்பட்டவை. இங்கே ஒரு குழப்பம் உண்டு. 2010 முதல் புழங்கிய ஆறு நிலைப் பட்டியலில் முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாவதற்கு 300, மூன்றாவதற்கு 600. 2021-ல் வெளியான தரநிலையில் நிலைகள் ஒன்பதாகின, முதல் நிலைக்கே 500 சொற்கள். 'எச்எஸ்கே 1' என்று அட்டையில் போட்ட இரண்டு நூல்கள் முற்றிலும் வேறு அளவில் இருப்பது இதனால்தான். எந்த ஆண்டுப் பட்டியல் என்று பார்த்து வாங்குங்கள். தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், நீங்கள் எழுதப்போகும் நாளில் நடப்பில் இருக்கும் பாடத்திட்டத்தைத் தேர்வு நடத்துபவர்களின் அறிவிப்பிலேயே சரிபாருங்கள்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்குச் சில. பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 'எச்எஸ்கே ஸ்டாண்டர்ட் கோர்ஸ்' முதல் நூலில் 15 சிறு பாடங்கள், பழைய 150 சொல் பட்டியலை ஒட்டியவை. சீக்கிரம் முடிக்கலாம், மனத்துக்குத் தெம்பு தரும்; இலக்கண விளக்கம் சுருக்கம் என்பதால் வேறு இடத்தில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். 'இன்டக்ரேட்டட் சைனீஸ்' அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாக நடத்தப்படும் நூல். எளிய எழுத்தும் மரபு எழுத்தும் உண்டு, விளக்கம் நிறைய, பாடங்கள் நீளம். மரபு எழுத்தும் தைவான் வழக்கும் வேண்டுமானால் தைவான் தேசிய இயல்நிலைப் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் தயாரித்த 'எ கோர்ஸ் இன் கன்டெம்பரரி சைனீஸ்'. பணமே செலவழிக்காமல் படிக்க வேண்டுமானால், அமெரிக்க அரசு ஊழியர்களுக்காக உருவான 'ஸ்டாண்டர்ட் சைனீஸ்: எ மாடுலர் அப்ரோச்' ஒலிப்பதிவோடு பொதுவுடைமையாகக் கிடைக்கிறது. கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பயிற்சி அதில் ஏராளம், சொற்கள்தான் பழையவை. தேர்வும் இல்லை, அவசரமும் இல்லை என்றால் நான் விளக்கம் அதிகமுள்ள நூலையே சொல்வேன். தனியாக உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் தீர்க்க ஆள் இல்லை, நூல்தான் பேச வேண்டும்.

பழைய நூல் கையில் கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். 1970, 80-களின் பாடங்களில் எல்லோரும் ஒருவரை ஒருவர் தோழர் என்று விளிப்பார்கள். இன்று அந்தச் சொல்லுக்கு அன்றாடப் பேச்சில் வேறு பொருள் வந்துவிட்டது. கைபேசிக்கும் இணையத்துக்கும் சொல்லே இருக்காது. பெய்ஜிங்கைப் பீகிங் என்று எழுதும் அளவுக்குப் பழைய நூலென்றால் உள்ளே பின்யின் இல்லாமல் வேறு எழுத்து முறையே இருக்கக்கூடும். அதை விட்டுவிடலாம்.

நூலின் இலக்கணத்தைத் தமிழோடு வைத்துப் பாருங்கள்

இலக்கணப் பகுதி வரும்போது ஆங்கில விளக்கத்தைப் படிக்கும் முன் எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பாருங்கள். பல இடங்களில் விளக்கமே தேவைப்படாது. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனத்தில் 'வோ ஸுவோத்தியென் மாய் த ஷூ' என்பார்கள். வோ நான், ஸுவோத்தியென் நேற்று, மாய் த வாங்கிய, ஷூ புத்தகம். வரிசை அச்சாக நம்முடையதே. ஆங்கிலம் பேசுபவருக்கு இது தலைகீழ் என்பதால் நூல் இதை ஒரு பெரிய மலையாகக் காட்டும். நீங்கள் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். வீட்டில் சாப்பிடுகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இடமும் காலமும் வினைக்கு முன்னால் வருவதும் நம் வழக்கம்தான். ஆம், இல்லை கேள்விக்கு நாம் கடைசியில் ஆகாரம் சேர்ப்பதுபோல் அவர்கள் 'ம' சேர்ப்பார்கள். வினைச்சொல் எண், பால் பார்த்து மாறுவதே இல்லை.

நிதானிக்க வேண்டிய இடங்கள் வேறு. நாம் 'தேநீர் குடிக்கிறேன்' என்போம், சீனத்தில் குடிப்பது முன்னால், தேநீர் பின்னால். படிக்கும்போது எளிதாகத் தெரியும், பேசும்போது வாய் பழைய வரிசைக்கே ஓடும். இதற்கு நிறைய வாய்ப்பயிற்சி தரும் நூல் நல்லது. இன்னொன்று 'ல' என்ற சிறு சொல். அதை இறந்தகாலக் குறி என்று சொல்லிவிட்டு நகரும் நூல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வினையோடு ஒட்டி வரும்போது அது செயல் முடிந்ததைக் காட்டும், காலம் எதுவானாலும் சரி. 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்' என்பதில் 'விட்டு' செய்யும் வேலையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். வாக்கியத்தின் முடிவில் வந்தால் நிலைமை மாறிவிட்டது என்று சொல்லும்: மழை வந்துவிட்டது, இனி வேண்டாம் என்பதுபோல. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் நூல் கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 'சைனீஸ் கிராமர் விக்கி' என்ற இலவசத் தளம் இருக்கிறது, நிலை வாரியாகப் பிரித்து, நிறைய எடுத்துக்காட்டுகளோடு. அதைப் பாடநூலாகப் படிக்க வேண்டாம், சந்தேகம் வரும்போது புரட்டிக்கொள்ளுங்கள்.

செயலிகள்

கட்டாயம் வேண்டியவை இரண்டுதான்: ஓர் அகராதி, ஒரு மீள்பார்வைச் செயலி.

அகராதிக்கு பிளெகோ. அடிப்படை வசதிகள் இலவசம், சில கூடுதல் பகுதிகளுக்குக் கட்டணம். தெரியாத எழுத்தை விரலால் வரைந்தே தேடலாம் என்பது தொடக்கத்தில் பெரிய உதவி. மொழிபெயர்ப்புச் செயலியை அகராதியாகப் பயன்படுத்தாதீர்கள். அது ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும்.

மீள்பார்வைக்கு ஆங்கி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் கட்டணம். நீங்கள் மறக்கப்போகும் நேரம் பார்த்துச் சொல்லட்டையை மறுபடி காட்டும். மற்றவர்கள் செய்து வைத்த ஐயாயிரம் சொல் கட்டுகளை இறக்கிக்கொள்ள ஆசை வரும், வேண்டாம். உங்கள் பாடநூலில் அன்று படித்த சொல்லை, அது வந்த வாக்கியத்தோடும் ஒலியோடும் நீங்களே அட்டையாக்குங்கள். நாளுக்குப் பத்துப் புதிய அட்டை போதும். அதற்கு மேல் போனால் மூன்றாம் வாரத்தில் மீள்பார்வை மட்டுமே ஒரு மணி நேரத்தை விழுங்கும்.

விளையாட்டு மாதிரிப் பாடம் நடத்தும் செயலிகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஹலோசைனீஸ், டுவோலிங்கோ போன்றவை தினமும் கொஞ்சம் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தைத் தரும், அது நல்ல விஷயம்தான். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதற்கும் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்வதற்கும் தூரம் அதிகம். பேருந்தில் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள், மேசையில் உட்காரும் நேரத்தை அவற்றுக்குத் தர வேண்டாம். செயலி உங்கள் உச்சரிப்புக்குப் பச்சை விளக்குக் காட்டுவதையும் முழுதாக நம்பாதீர்கள். குரலைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் சூழலை வைத்து ஊகிக்கும், தொனி தப்பினாலும் தேற்றிவிடும். அதைவிட உங்கள் குரலைப் பதிவு செய்து, மூலத்தையும் உங்களுடையதையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள்.

எழுத்துகளைக் கற்க

பின்யின் மட்டும் கற்று எழுத்தைத் தள்ளிப்போடலாமா என்றால், கூடாது. சீனர்கள் பின்யினில் நூல் எழுதுவதில்லை. ஒரே ஒலியில் பல சொற்கள் இருப்பதால் எழுத்துதான் அவற்றைப் பிரித்து நினைவில் நிறுத்தும்.

எழுத்துகளைத் தனித்தனிப் படமாகக் காட்டிக் கதை சொல்லும் நூல்கள் பார்க்க அழகாக இருக்கும். மலை, மரம், வாய் என்று முதல் ஐம்பது எழுத்துக்கு அது போதும். அதற்கப்புறம் உதவாது. காரணம், பெரும்பாலான எழுத்துகள் பொருளைச் சுட்டும் ஒரு பகுதியும் ஒலியைச் சுட்டும் ஒரு பகுதியும் சேர்ந்தவை. குதிரைக்கான எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் ஒலி 'மா'. பக்கத்தில் பெண் என்ற பகுதியைச் சேர்த்தால் அம்மா. வாய் என்ற பகுதியைச் சேர்த்தால் மேலே சொன்ன கேள்விச் சொல் 'ம'. குதிரையின் தலைக்கு மேல் இரண்டு வாய்களை வைத்தால் திட்டுவது. மூன்றிலும் குதிரைக்கு வேலை ஒலி தருவது மட்டுமே. அம்மாவையும் குதிரையையும் சேர்த்துக் கதை கட்டும் நூல் இந்த அமைப்பை மறைத்துவிடும். பகுதிகளைப் பிரித்து, எது பொருள், எது ஒலி என்று சொல்லும் நூலையோ அகராதியையோ பயன்படுத்துங்கள்.

கையால் எழுத வேண்டுமா? முதல் நூறு, நூற்றைம்பது எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் கோட்டு வரிசைப்படி எழுதுங்கள் என்பேன். கண் அப்போதுதான் உறுப்புகளைப் பார்க்கப் பழகும். அதன்பிறகு பின்யினில் தட்டச்சு செய்து, வரும் எழுத்துகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் அன்றாட வேலைக்குப் போதும்.

படிக்கவும் கேட்கவும்

பாடநூல் ஏழெட்டுப் பாடம் போனதும் நிலைவாசிப்பு நூல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 'மாண்டரின் கம்பேனியன்' வரிசையின் தொடக்க நிலைக் கதைகள் 150 எழுத்துகளுக்குள்ளும், அதற்கடுத்த நிலை 300 எழுத்துகளுக்குள்ளும் எழுதப்பட்டவை. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அது உங்களுக்கு இன்னும் சீக்கிரம். திரைப்படமும் தொடரும் பார்க்கத் தடையில்லை. ஆனால் அதைப் பாடமாகக் கணக்கிட வேண்டாம். தொடக்க நிலையில் ஒலி காதுக்குப் பழகும், அவ்வளவுதான். பாடநூலின் பழைய உரையாடல்களைப் போனில் போட்டுக்கொண்டு நடக்கும்போது கேட்பது அதைவிடப் பலன் தரும். ஒரு சொல்லும் தப்பாமல் புரியும் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் காது வேகம் பிடிக்கும்.

எப்போது மாற்றலாம், யாரிடம் காட்டலாம்

தேர்ந்தெடுத்த நூலுக்கு ஐந்து பாடங்கள் வரை அவகாசம் கொடுங்கள். அதற்குள் விடாமல் சலிப்புத் தட்டினால், அல்லது ஒலிப்பதிவு மோசமாக இருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். ஐந்தைத் தாண்டிவிட்டால் நூல் முடியும்வரை வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால் கால் மணி மீள்பார்வை, அரை மணி பாடநூல், மிச்சம் உரக்கச் சொல்லுதல். நேரம் குறைந்த நாளில் பாடநூலை விடுங்கள், உரக்கச் சொல்வதை விடாதீர்கள்.

மாதம் ஒருமுறையாவது சீனம் தாய்மொழியாக உள்ள ஒருவர் உங்கள் குரலைக் கேட்க வேண்டும். கட்டண ஆசிரியரோடு அரை மணி நேரம் பேசலாம், மொழிப் பரிமாற்ற நண்பராகவும் இருக்கலாம். 'என் சீனம் எப்படி?' என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அந்த மாதம் படித்ததிலிருந்து இருபது சொற்களை, வயிறும் முயலும், கப்பலும் கட்டிலும் மாதிரி இணைகளைக் கலைத்து, பொருள் சொல்லாமல் படித்துக் காட்டுங்கள். அவருக்கு என்ன கேட்டது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கே மாறிக் கேட்டதோ அந்த அசைகளுக்காக அட்டவணைக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம் அவற்றையே பயிற்சி செய்துவிட்டு, அடுத்த மாதப் பட்டியலில் அதே சொற்களை மறுபடி சேருங்கள்.